கடலோரத்தில் மகளுக்கு வீடு கேட்டுப் போனது

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவதோட நின்னுட்டவ. மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க.

மரக்காணம் தாண்டி கடலோரத்துல ஒரு ரிசார்ட்டில் மாப்பிள்ளைக்குச் சமையல் வேலை கிடைத்தது. மகள் அப்போது மாசமாக இருந்தாள். அங்கே வாடகைக்கு வீடு கிடைத்தால்தான் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம். இல்லாட்டி அவள் செஞ்சியில் என்னோடு, அவர் அங்கே தனியாக.

எங்கள் பக்கம் வீடு கேட்டுப் போனால் முதலில் எந்த ஊர் என்பார்கள். அப்புறம் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும், "சொந்தக்காரங்களுக்குப் பேசி வச்சிருக்கோம்" என்று கதவைச் சாத்திடுவாங்க. அந்தப் பயத்தோடுதான் நானும் மகளும் பஸ் ஏறினோம்.

வீட்டுக்கார அம்மா மீன் விற்கிறவங்க. என் வயசு இருக்கும்.

"எந்த ஊரு அக்கா?"

"செஞ்சி. வல்லம் பக்கம்" என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவங்க பாட்டுக்குத் தெருவைக் காட்டினாங்க. "இந்த வரிசை எங்க ஜனம். எதிர்ல நேபாளத்துப் பசங்க, ரிசார்ட்டுல வேலை. அண்டையில ஒரு வெள்ளைக்காரம்மா, வருசக்கணக்கா இங்கதான், நெத்திலிக்குப் பேரம் பேசும் பாரு, நானே தோத்துடுவேன்! பெரிய பங்களாவெல்லாம் மெட்ராஸ்காரங்க, சனி ஞாயிறுதான் லைட் எரியும். அந்தாண்ட பாய்மாருங்க வீடு, கறிக்கடை அங்கதான்." பிறகு என்னை உற்றுப் பார்த்தாங்க. "ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு."

தெருவைத்தான் கேட்கப் போறாங்கன்னு நினைத்தேன்.

"கருவாடு சாப்புடுவீங்களா? மாடியிலதான் காயப்போடுவேன். முன்னே இருந்தவங்க மூக்கைப் பொத்திக்கினே காலி பண்ணிட்டாங்க."

நான் பேசுவதற்குள் மகள், "காயற வரைக்கும் தாங்குமா தெரியல அத்தை. நானே தின்னுடுவேன்" என்றாள்.

"அப்போ மாடிக்குப் பூட்டு வாங்கணும்டி" என்று சிரித்தபடி சாவியைக் கொடுத்துட்டாங்க.

அந்த ஊரே அப்படி என்று சொல்ல மாட்டேன். வேற பக்கம் எந்தத் தெருன்னு கேட்கிறாங்களாம். ஆனால் இந்த வீட்டில் இன்னிக்கு வரைக்கும் கேட்கவில்லை. குழந்தையும் அங்கேதான் தவழுது. அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அசந்து தூங்கிப்போனேன், செஞ்சி வந்து கண்டக்டர்தான் எழுப்பினார்.

நேபாளப் பசங்களா அசாம் பசங்களா என்று இப்போ சந்தேகமா இருக்குது. நெத்திலியா, மத்தியா, அதுவும் தெரியல. யாராவது என் மகளைக் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்க.