ஏழாவது பலகை

பிரெஞ்சுத் தலைநகரில், பெர்டோனே வீதியில் உள்ள சின்ன அச்சகம் ஒன்றில் நிரஞ்சலா பதினாறு வருடமாக வடிவமைப்பு வேலை செய்கிறாள். கலியாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கடைப் பெயர்ப்பலகை எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் வெளியே போகும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சண்டையால் நின்றுபோன படிப்பை நாற்பத்து மூன்றாம் வயதில் மறுபடி தொடங்கியிருந்தாள். கிழமையில் இரண்டு மாலை வரலாற்று வகுப்பு. வீடு இருக்கும் புறநகர் கார்ஜிலிருந்து வரும் ரயிலில்தான் பாடம் படிப்பாள்.

போன வசந்தத்தில், அடிமைமுறை ஒழிப்பு நினைவுநாளுக்காக, புதுச்சேரிக்காரர் சங்கம் ஒன்று பன்னிரண்டு கண்காட்சிப் பலகைகள் அச்சிடக் கொடுத்தது. ஏழாவது பலகை அமெரிக்காவைப் பற்றியது. உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலையான கறுப்பின மக்கள் தென் மாநிலங்களில் வாக்களித்து ஆட்சியிலும் பங்கெடுக்கத் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளை அது இரண்டே வரியில் முடித்திருந்தது: ‘ஆளத் தெரியாதவர்களுக்கு அவசரப்பட்டு வாக்குரிமை கொடுத்ததால் குழப்பம் விளைந்தது. 1877இல் ஒழுங்கு திரும்பியது.’

‘ஒழுங்கு திரும்பியது’ என்ற இடத்தில் நிரஞ்சலா நின்றுவிட்டாள். சின்ன வயதில் வானொலி, ‘யாழ்ப்பாணத்தில் நிலைமை வழமைக்குத் திரும்பியது’ என்று சொன்ன நாட்களில் அவர்கள் வீதியில் செத்தவீடு நடந்துகொண்டிருக்கும்.

“ஐங்கரன் அண்ணை, இது பிழை. ஆர் குழப்பினது எண்டு இதிலை இல்லை.”

“நீர் எழுத்துப்பிழையை மட்டும் பாரும். அவையின்ரை கதை எங்களுக்கு என்னத்துக்கு?” என்றார் முதலாளி.

அவள் கேட்கவில்லை. சங்கத் தலைவர் பிலிப்புக்குத் தொலைபேசி எடுத்து, மறுநாள் மதியமே வகுப்புக் குறிப்புகளோடு அவர் வீட்டில் போய் நின்றாள். பிலிப் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. பலகைகளை எழுதியவரும் அவரே.

“நான் லிசே பள்ளிக்கூடத்துல படிச்சப்ப அப்படித்தாம்மா போட்டிருந்துச்சு. அந்தப் புத்தகம் இன்னும் என்கிட்ட இருக்கு.”

“புத்தகத்தை எழுதினது ஆர் ஐயா? அந்தக் காலத்திலை ஆயிரத்துக்கும் மேலை கறுப்பினத்தவர் பதவியிலை இருந்தவை. எல்லாப் பிள்ளையளுக்கும் எண்டு அரசாங்கப் பள்ளிக்கூடம் திறந்தவை. வாக்குப் போடப் போனவையை வெள்ளையரின்ரை ஆயுதக் குழுக்கள் சுட்டுத்தான் அதை முடிச்சவை. அதையோ ஒழுங்கு எண்டுறது?”

பிலிப்பின் முகம் சுருங்கிப்போனது. குறிப்புகளை வாங்கிக்கொண்டார். ‘வேலை கை நழுவிப் போச்சுது’ என்று ஐங்கரன் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

மூன்றாம் நாள் பிலிப்பே அச்சகத்துக்கு வந்தார். கையில் இருந்த ஏழாவது பலகையின் தாள் முழுக்கத் திருத்தம்.

“ராத்திரி பகலா படிச்சேம்மா. அறுபது வருஷமா தப்பாவே நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். பழைய வரிய எடுத்துடலாமா?”

நிரஞ்சலா யோசித்தாள். “வேண்டாம் ஐயா. அதையும் மேலை போடுவம். கீழை நடந்ததைப் போடுவம். எப்பிடி மாத்திச் சொல்லித் தந்தவை எண்டும் சனம் பாக்கட்டும்.”

திறப்பு நாளில் அதிகக் கூட்டம் ஏழாவது பலகையின் முன்தான் நின்றது. “மேல இருக்கிற வரிய எழுதுனது நான்தான்,” என்று பிலிப் வந்தவர்களிடமெல்லாம் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சமே இல்லை. இன்னொரு புறநகரான ஓல்னேயிலிருந்து வந்த ஆசிரியை ஒருத்தி பலகையைத் தன் வகுப்புக்கு இரவல் கேட்டாள். விளக்கிச் சொல்ல யாராவது கூட வர முடியுமா என்றும் கேட்டாள். பிலிப் நிரஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓம்,” என்றாள் அவள், ஐங்கரனிடம் லீவு கேட்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல்.