முட்டை வாங்கிய நாள்

பிஸ்கட் பொட்டலத்தின் பொடி எழுத்துகளை அவர் கடைசிச் சொல்லிலிருந்து மேல்நோக்கி வாசித்துக்கொண்டிருக்கிறார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். நேராக வாசித்தால் பொருளில் மயங்கிக் கண் வழுக்கிவிடும். தலைகீழாக வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் தனியே நின்று மாட்டிக்கொள்ளும். இதோ, 'அல்புமின்' மாட்டிக்கொண்டது. முட்டையின் வெள்ளைக்கருதான் அந்த மாறுவேடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பொட்டலம் வந்த வழியே கடை அலமாரிக்குத் திரும்புகிறது.

அடுத்தது ரொட்டிக்கடை.

"பன் மேல பளபளங்குதே, என்ன பூசினீங்க?"

"பால்தான் சார். நேத்தும் பால், இன்னைக்கும் பால்."

"பிரஷ்?"

"அதுவும் தனி சார். உங்களுக்குன்னே ஒண்ணு வாங்கி வெச்சுட்டேன், பேர் மட்டுந்தான் எழுதலை."

மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு முட்டை ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு தடித்து மூச்சு முட்டும். ஆகவே அவர் சமையலறையில் கேக்குக்குக் கனிந்த வாழைப்பழம் மசிகிறது. கட்லெட் உதிராமல் இருக்கச் சோளமாவு கரைகிறது. முன்பெல்லாம் ஆம்லெட் என்றால் உயிரை விட்டவர், மகளின் ஒவ்வாமை தெரிந்த அன்றே முட்டைக்கு முழுக்குப் போட்டார். அலுவலக உணவகத்தில் எவர் தட்டிலாவது அது மணந்தால், மூக்கை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசைவார்.

பேருந்து ஓட்டுநரான மனைவிக்கு இதில் ஓயாத கேலி. "ஊர் சனத்தையே ஏத்தி எறக்கிட்டு நான் வீடு வந்து சேர்ந்துடுறேன். நீங்க ஒரு பன்னைக் கொண்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது." ஆனால் அவளும் ஒருநாள் கேலியை விட்டுவிட்டுச் சொன்னாள்: "எத்தனை நாளைக்குங்க நீங்களே கேட்டுக்கிட்டிருப்பீங்க? அவ வாயால அவ கேக்கப் பழக வேணாமா?"

அந்தச் சொல் தைத்தது. பள்ளி விட்டதும் பக்கத்துத் தெருவிலுள்ள தோழியின் வீட்டுக்கு மகளை முதன்முறையாகத் தனியே அனுப்ப இசைந்தார். இசைந்தது வாய்தான், வீட்டுக்குக் கொண்டுவந்த அச்சுத்தாளில் அன்று கண்ணும் ஓடவில்லை, பேனாவும் ஓடவில்லை. தொலைபேசி ஒலித்தது.

"அப்பா, திட்டக்கூடாது. முட்டை வாங்கிட்டேன்."

"எத்தனை?"

"ஒண்ணுதாம்பா."

"எங்க இருக்கு?"

"பேப்பர்ல."

காகிதத்தில் சுற்றிய அவித்த முட்டை ஒன்று அவர் கண்முன் உருண்டது. அவசர ஊசி மருந்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒரு காலில் தம் செருப்பும் மறு காலில் மனைவியின் செருப்புமாக ஓடினார். தோழியின் வீட்டு மாடிப்படிகளை அவர் ஏறினார் என்பதைவிட விழுங்கினார் என்பதே பொருந்தும்.

மகள் கூடத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள். உதட்டில் தடிப்பில்லை, மூச்சும் சீராக இருந்தது. மடியில் கணக்கு விடைத்தாள். அதன் நெற்றியில் சிவப்பு மையில் கொழுத்த பூச்சியம் ஒன்று வீற்றிருந்தது.

"இந்த முட்டையா?"

"கையெழுத்துப் போடணுமாம்பா."

வாழ்நாளெல்லாம் சொல்லை நிறுத்திப் பார்த்தே பிழைத்தவர், சொல்லிடம் தோற்றுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். "வாங்கலாம்மா. எத்தனை வேணா வாங்கு. தின்னாத்தான் தப்பு."

தோழியின் தாய் சமையலறையிலிருந்து வந்தாள். "நீங்க சொல்லியிருந்தது மறந்தே போச்சுண்ணே. ஆசையா கேக் வெட்டி எடுத்துட்டு வந்தேன். 'இதுல முட்டை போட்டிருக்கா ஆன்ட்டி'ன்னு கேட்டா. ஆமான்னதும் தட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்ல. நீங்களாவது சாப்பிடுங்க."

'கேட்டா' என்ற சொல்லை அவர் மனத்துக்குள் இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார். பிழையில்லை.

கேக் துண்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"சாப்பிடுங்கப்பா, பாவம்," என்றாள் அவள். "ஆனா அப்புறம் சோப்புப் போட்டு வாய், கை எல்லாம் கழுவணும். அதுவரைக்கும் என்னைத் தொடக்கூடாது."

துகள் மிஞ்சாமல் உண்டார். கைகழுவும் தொட்டியில் நுரை பொங்கக் கழுவினார். வந்து மகளின் முன் முழந்தாளிட்டு, ஈரம் சொட்டும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார்.