ஐந்நூற்று அறுபத்தொன்று

எண்களைச் சும்மா விடாத வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ் டிக்கெட் கைக்கு வந்தால்கூட அதன் இலக்கம் மூன்றால் வகுபடுமா, பதினொன்றால் வகுபடுமா என்று பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவேன். அந்த வியாதி அன்று கலஹாவிலிருந்து வந்த பஸ்ஸில் என்னை ஆட்டிவைத்துவிட்டது.

கணித ஆசிரியை நியமனம் கிடைத்திருந்தது. பத்திரங்களைப் பரிசோதிக்கக் கண்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் தேயிலை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் லீவு சொல்லிவிட்டு அப்பாவும் கூட வந்தார். ஃபைல் அவர் மடியில். நான் பொழுது போகாமல் என் அடையாள அட்டையை எடுத்து, அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பிரித்துப் பார்த்தேன். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு ஐந்நூறு கூட்டுவார்கள். எனக்கு 561.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. 561 பொய்ப் பகா எண்களில் பேர்போனது. மூன்று, பதினொன்று, பதினேழு ஆகிய மூன்றாலும் வகுபடும். ஆனாலும் சோதனை வைத்தால் பகா எண் மாதிரி நடித்துத் தப்பிவிடும். சரியான கள்ளன்.

ஐந்நூறைக் கழித்தேன். அறுபத்தொன்று. நான் பிறந்தது மார்ச் முதலாம் திகதி, அது லீப் வருடமும் இல்லை. ஜனவரிக்கு முப்பத்தொன்று, பெப்ரவரிக்கு இருபத்தெட்டு, மார்ச்சில் ஒன்று. அறுபதுதான் வருகிறது. மூன்று தடவை கூட்டினேன். எண்ணின்படி நான் மார்ச் இரண்டில் பிறந்தவள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு எழுத்துப் பிழையால் தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளுபடியான குடும்பம் எங்களுடையது. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருகிட்டயும் மூச்சு விடாத புள்ள," என்றார். ஃபைலை மடியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்கோ, வேலை போனால்கூடப் பரவாயில்லை, அட்டையைப் பறித்துக்கொள்வார்களோ என்று பயம்.

காரியாலயத்தில் ஒரு சிங்கள அம்மா ஃபைலை வாங்கினார். அவர் அதைத் திறக்கவில்லை, அதற்குள் அப்பா கதிரையை விட்டு எழும்பிக் கும்பிட்டு, அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். "வரத்த மகே, நோனா. தப்பு என்னோடது. பதியிறப்ப நான்தான் திகதிய மாத்திச் சொல்லிட்டேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

பச்சைப் பொய். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நாக்குக் குழற, சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது எல்லாருக்கும் அப்படித்தான் மிஸ். அட்டைக் கணக்கில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். நான் ஜூனில் பிறந்தவள், எனக்கும் ஒரு நாள் கூடத்தான். நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை."

முத்திரை குத்தித் தந்தார். படியிறங்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவங்க என்னா கேட்டாங்கன்னு நான் அப்புடிச் சொன்னேன்?"

"அவங்க ஒண்ணுமே கேக்கலப்பா."