ஈரத்துணியால் பழக்கிய நாய்

எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது ஒரு நாயைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் நான் நாய் வளர்த்ததில்லை. எங்கள் வீட்டில் மாடு இருந்தது, கோழி இருந்தது. நாயை அம்மா வாசல் ஏறவிடமாட்டார்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில் என் தாய்மாமன் ஒரு சலவைப் பட்டறை வைத்திருந்தார். அவிநாசிக்குப் போகிற சாலையில், ஊரைத் தாண்டி, கிணறு உள்ள ஒரு மேட்டு நிலம். பனியன் கம்பெனிகளிலிருந்து பழுப்பாக வரும் துணியைத் தொட்டியில் ஊறவைத்து, வெளுத்து, அலசி, வெயிலில் காயவைத்து அனுப்புவதுதான் வேலை. கிணற்றுக்குக் கிழக்கே களம் என்று நாங்கள் சொல்லும் புல்தரை முழுக்கத் துணி விரித்திருக்கும். ஏழெட்டுப் பேர் வேலை செய்தார்கள். நான் மேற்பார்வை என்ற பெயரில் மாமனோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் மேய்ச்சல் காடு. வெள்ளாடுகள் வேலியில் புகுந்து வந்து துணிமேல் நடக்கும். சில சமயம் துணியையே மெல்லும். குளம்புத் தடம் பட்ட துணியை மறுபடி அலச வேண்டும். இரண்டு முறை கம்பெனிக்காரர்கள் துணியைத் திருப்பி அனுப்பிய பிறகு மாமன் சொன்னார்.

"ஒரு நாயக் கொண்டாந்து பழக்குனா ஆச்சு மாப்ள. உனக்கும் ஒரு வேலை வேணுமல்லோ."

மடத்துக்குளத்தில் பெரியம்மாவின் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி காக்கும் நாய் குட்டி போட்டிருந்தது. மூன்று மாதக் குட்டி ஒன்றைக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். வழியெல்லாம் துண்டுக்கு மேலே மூக்கை நீட்டி என் கையை நக்கிக்கொண்டே வந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

முதல் இரண்டு மாதம் வேப்பமரத்தில் கட்டியே போட்டிருந்தேன். இடம் பழகட்டும் என்று நினைத்தேன். ஆடு வந்தால் அவிழ்த்துவிட்டு, "பிடி பிடி" என்று கத்துவேன். குட்டி சந்தோஷமாகத் துரத்தும். ஆட்டைத் துரத்திக்கொண்டு அது ஓடுவதும் துணிமேல்தான். ஆட்டின் தடத்தைவிட இதன் சேற்றுத் தடம் பெரிதாக இருந்தது. தொட்டி வேலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

அன்று முதல் அடிக்கத் தொடங்கினேன். குச்சியால் அடித்தால் காயம்படும் என்று, அலசிய துணியின் நுனியை முறுக்கி அதனால் அடித்தேன். ஈரத்துணி சாட்டை மாதிரி விழும். வலிக்கும், காயம் தெரியாது. அதை ஒரு கருணை என்றே அப்போது நம்பினேன்.

அடித்த நேரமும் தவறு. காலையில் அது துணிமேல் ஓடியிருக்கும். மதியம் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கோபம் வரும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். வாலை ஆட்டிக்கொண்டு வரும். கழுத்தைப் பிடித்து, தடத்தில் மூக்கை அழுத்தி, அடிப்பேன். எதற்கு அடி என்று அதற்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டார்கள், போனேன், அடி விழுந்தது. அவ்வளவுதான் அது கற்றுக்கொண்டது. பத்து நாளில் கூப்பிட்டால் வருவதை நிறுத்தியது.

அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி, வயிறு தரையில் படப் பக்கத்தில் வந்தது. வந்ததும் கழுத்தைப் பிடித்து, காலையில் செய்ததற்கு மதியம் அடித்தேன். இதைச் சொல்ல இன்றும் நாக்கு கூசுகிறது. ஆனால் செய்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

பிறகு அது துணிப்பக்கமே போவதில்லை. ஆடு வந்தால் ஓரமாகவே ஓடிக் குரைக்கும். "பழகிருச்சுங்க மாமா" என்று பெருமையோடு சொன்னேன். மாமனும் தலையை ஆட்டினார்.

துணி விரிக்கும் பெண்களில் ஒருவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வெள்ளைச் சேலைதான் கட்டுவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, நாங்க துணிய ஒதறுனாப் போதும், இந்த நாயி ஓடிப்போயி தொட்டிக்குப் பின்னால பதுங்கிக்குதுங்க. ஒடம்பெல்லாம் நடுங்குது."

"பயம் இருக்கட்டுமுங்க அக்கா. அதுதான் வேணும்" என்றேன்.

அவர் அடுத்த துணியை எடுத்து விரிக்கப் போனார்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்று மேற்கிலிருந்து விடாமல் வீசும். துணி பறக்காமல் இருக்க ஓரமெல்லாம் கல் வைப்போம். அன்று மதியம் நாயைக் குட்டைச் சங்கிலியில் வேப்பமரத்தில் கட்டியிருந்தேன். அக்கா கல் எடுக்க மரத்தடிக்கு வந்து குனிந்தார். காற்றில் அவருடைய முந்தானை கழன்று, படபடவென்று நாயின் முகத்தில் அடித்தது. நாய் பின்னால் துள்ளியது. சங்கிலி இழுத்து நிறுத்தியது. மறுபடி முந்தானை விழுந்தது. அடுத்த நொடி அது அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது.

அக்கா கத்தவில்லை. "ஐயோ சாமி" என்று மெதுவாகச் சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலை சிவந்தது. ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள்.

"அடிச்சுப் போடுங்கடா அத" என்றார் மாமன்.

யாரோ ஒருவர், நாயைக் கொன்றால் ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள், வெறிநாயா என்று பார்க்க அது உயிரோடு இருக்க வேண்டும் என்றார். ஓங்கிய கம்புகள் தாழ்ந்தன.

குதிரை வண்டியில் அக்காவை ஏற்றி, பக்கத்தில் சைக்கிளில் நான் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நாய் உங்களுதா?"

"ஆமாங்க."

"பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. சாப்பிடுதா, தண்ணி குடிக்குதான்னு தினமும் வந்து சொல்லணும். ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும், வயித்துல. பத்து நாளும் நாய் நல்லா இருந்தா நிறுத்திக்கலாம். செத்துட்டாலோ, தப்பிச்சு ஓடிட்டாலோ பதினாலு ஊசியும் போட்டாகணும்."

தினமும் காலையில் அக்கா வண்டியில் வருவார், நான் சைக்கிளில் போவேன். திரைக்குப் பின்னால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு வெளியே கேட்கும். வெளியே வரும்போது வயிற்றில் கையை வைத்தபடி நிமிராமல் நடப்பார்.

மூன்றாம் நாள் நாய் தண்ணீர் குடிக்கவில்லை. சட்டியை வைத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருண்டு கிடந்தது. வாயோரம் எச்சில் வடிந்தது. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பில், தொட்டிச் சுவருக்குப் பின்னால் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் சளப்சளப் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாய் சட்டியில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து வெளியே வந்தேன். நிறுத்திவிட்டுச் சுருண்டது. திரும்பிப் போய் மறைந்தேன். மறுபடி குடித்தது.

அதன் பயம் தண்ணீரிடம் இல்லை, என்னிடம். அப்போது களத்தில் யாரோ துணியை உதற, அந்தச் சத்தத்துக்கு நாய் தரையோடு ஒட்டிக்கொண்டு, கிடந்த இடத்திலேயே மூத்திரம் விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கடியை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஊசி முடிந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் வண்டிக்குக் காத்திருந்தோம். அக்கா கேட்டார்.

"தம்பி, அத எதாலங்க அடிச்சுப் பழக்குனீங்க?"

"கையாலதானுங்க" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டி வரும் வழியைப் பார்க்கத் தொடங்கினார்.

பதினோராம் நாள், ஊசி போதும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"அக்கா, நான் பொய் சொன்னனுங்க. ஈரத்துணியாலதான் அடிச்சேன். வெள்ளைத் துணிய முறுக்கி."

"தெரியுமுங்க. தொட்டிக்கிட்ட நின்னு நெறையத் தடவை பாத்திருக்கறேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"மொதலாளி ஊட்டுப் பையன்கிட்ட, நாய அடிக்காதீங்கன்னு சொல்ற எடத்துலயாங்க நான் இருக்கறேன்? ஒருக்கா நடுங்குதுன்னு சொன்னேன். நீங்க பயம் இருக்கட்டும்னீங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனேன்.

அன்று மாலை மாமனிடமும் நடந்ததைச் சொன்னேன். நாயைத் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார்.

"வெள்ளைத் துணியக் கண்டுதான் கடிச்சுதுங்கற? அப்பறம் என்ன, அந்தப் புள்ளையச் சாயச் சீலை கட்டிட்டு வரச் சொல்லு."

அதில் என்ன தவறு இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை, அக்கா வேலைக்கு வந்து களத்தில் கல்லை எடுத்துக்கொண்டிருந்தபோது, மற்றப் பெண்கள் காதுபடவே சொன்னேன்.

"கலர்ச் சீலை கட்டிட்டு வந்துட்டா ஒண்ணும் பயமில்லைங்க அக்கா. மாமாவும் அதைத்தான் சொல்றாருங்க."

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இதையே எங்க மாமியார்கிட்ட வந்து சொல்லுவீங்களாங்க தம்பி? எங்க வீதியில நின்னு சொல்லுவீங்களா?" குரல் உயரவே இல்லை. "நாய்க்காக நான் கட்டற சீலைய மாத்தோணுமுங்களா?"

அன்றைய வேலையை முழுவதும் செய்துவிட்டுத்தான் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஊருக்குள் ஒரு பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். கடித்த நாய் பட்டறையில் இருந்தது. கடிபட்டவர் போய்விட்டார்.

நாயை விடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முகமில்லை. அதைத் திருத்த மாமன் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதன் பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். சங்கிலியை நீளமாக மாற்றினேன். காலையில் அரை மணி நேரம், அதற்கு எட்டாத தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். கருவாட்டைப் பின்பக்கமாகப் போடுவேன், திரும்பிப் பார்க்கமாட்டேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ முதுகில் அதன் மூச்சு பட்டது. கையை அசைக்காமல் இருந்தேன். அசைத்துக் கெடுத்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அப்புறம் காய்ந்த வெள்ளைத் துணி ஒன்றை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்ததும் மூன்று நாள் மரத்துக்குப் பின்னாலேயே நின்றது. துணிமேல் சோற்றை வைத்தேன். இரவில் தின்றுவிட்டு, பகலில் ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருந்தது. தவணை தாண்டியது. மாமன் கேட்கவில்லை. கார்த்திகை மழை நின்ற சமயத்தில் ஒரு நாள் என் மடியில் கிடந்த துணிமேல் முகவாயை வைத்துக் கண்ணை மூடியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். களத்தில் அன்று புதிதாக வந்த பெண் ஒருத்தி துணி விரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாய் பிறகு ஏழு வருடம் இருந்தது. யாரையும் கடிக்கவில்லை. ஆனால் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடைசிவரை வந்ததில்லை. மாமன் மகள்கள் கூப்பிட்டால் அவர்களிடம் ஓடும்.

அக்காவை ஒரே ஒரு முறைதான் மறுபடி பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து, அவிநாசித் தேர் அன்று, மோர்ப் பந்தலில். நான்தான் போய்ப் பேசினேன்.

"நல்லா இருக்கறீங்களாங்க அக்கா?"

"இருக்கறனுங்க. அந்த நாயி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இப்பத் துணியக் கண்டா பயப்படறதில்லைங்க."

"நல்லதுங்க" என்றார்.

திரும்பவும் வேலைக்கு வருவீர்களா என்று கேட்கத்தான் போனேன். அன்று சேலையைப் பற்றிப் பேசியதற்கு வருத்தம் சொல்லவும் நினைத்தேன். இரண்டையும் விட்டுவிட்டு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன். அவராகவே சொன்னார்.

"அங்க நெழல்ல உக்காந்துட்டே செய்யற வேலைங்க தம்பி. வெயிலு இல்லை. எனக்கு அதுவே சௌகரியமா இருக்குது."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார். அவர் சொன்னது உண்மையா, என் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.