அந்த மாஸ்க்கக் கழட்டுங்க சாமி!

போன ஞாயித்துக்கெழம காலீல, சாயங்கால வடைக்கு உளுந்து ஊறப் போட்டுட்டு நிமுந்தேன். நம்ம லைன் ஊட்டு வாசல்ல ரெண்டு காக்கிச் சட்ட! கண்ணத் தவுர மூஞ்சி பூரா கறுப்பு மாஸ்க்கு.

"ரஞ்சன் யாரு? ஸ்டேஷனுக்கு வரோணும்."

ரஞ்சன் கடைசி ரூம்புல குடியிருக்கற ஒடிசாப் பையன். பனியன் கம்பெனீல டெய்லர். அவன் சம்சாரம் சுனிதா கைக்கொழந்தையோட ஓடியாந்து எங்கையப் புடிச்சுக்கிட்டா. "அம்மா... போலீஸா, திருடனா? தெரியல அம்மா!"

அவ பயந்ததுல தப்பில்லீங்க. காக்கி போட்டு வந்து வடக்கத்திப் பசங்ககிட்ட செல்போனப் புடுங்கறானுகன்னு கம்பெனீல ஒரே பேச்சு.

குறுக்கால போய் நின்னேன். "ஏனுங்க சாமி, அந்த மாஸ்க்கக் கழட்டுங்க."

"தூசிக்குப் போட்டதுங்க அம்மாயி. நெஞ்சுல பேரு இருக்குதுல்ல, படிச்சுக்கங்க."

"எழுத்துத் தெரியாதுங்க. எனக்கு மூஞ்சியத்தான் படிக்கத் தெரியும்."

(இந்தப் பத்தியே நான் சொல்லச் சொல்ல மருமக எழுதறதுதான்னு உங்களுக்குத் தெரியுமே!)

இன்னொண்ணு. நானும் பனியன் கம்பெனீலதான், நூல் பிசிறு வெட்டறவ. பஞ்சுத் தூசிக்கு அத்தன பேரும் வேஸ்ட்டுத் துணியக் கட்டியிருப்பம். ஆனா புதுசா ஒருத்தி வந்தா? மொதல்ல துணிய எறக்கி மூஞ்சியக் காட்டோணும், அப்பறந்தான் பேரு. எங்க டேபிள் வழக்கம் அது.

போலீஸு வையப் போறான்னு நெனச்சேன்... மாஸ்க்க எறக்கீட்டானுங்க! ரெண்டு பேருமே! அரும்பு மீச, பச்சப்புள்ள மூஞ்சி.

"பாத்துக்கிட்டேன் கண்ணு. கூட்டீட்டுப் போ. இதே மூஞ்சிதான் திருப்பிக் கொண்டாந்து உடோணும்."

பக்கத்து ரூம் சாத்தூர்க்காரி செல்வி வாயப் பொளந்துட்டா. "போலீஸுக்கே ஆர்டர் போடுதீகளே!"

மத்தியானம் டீவீல சொல்றாங்க — அமெரிக்காவுல ஏதோ ஒரு பக்கம், போலீஸு வேல நேரத்துல மூஞ்சிய மூடக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்களாம். கோர்ட்டு வரைக்கும் சண்டையாம். அடேங்கப்பா! அத்தன பெரிய ஊர்லயும் சுனிதா மாதிரி ஒருத்தி யாரு கையயாச்சும் புடிச்சுக்கிட்டு நின்னிருப்பாளோ?

நம்மூர்ல அப்படிச் சட்டம் இருக்குதா? தெரியாதுங்க. 'தள்ளு கெழவி'ன்னு அவன் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?

பொழுதெறங்க பைக் சத்தம். ரஞ்சன் எறங்கறான். ரோட்டுல ஒரு ஆக்சிடெண்ட்டப் பாத்த சாட்சியாம் — அவ்வளவுதான்! சுனிதா அழுதுக்கிட்டே சிரிக்கறா.

வண்டி ஓட்டியாந்த புள்ள, நான் கேக்காமயே மாஸ்க்க எறக்குனான். "பாத்துக்கங்க அம்மாயி... அதே மூஞ்சிதானுங்களா?"

"அதேதான் கண்ணு. வட தின்னுட்டுப் போ."

மாஸ்க்கோட வட திங்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் வழியில்லீங்களே!