இரண்டாம் கேட்டில் இல்லாத மெஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினோரு வருஷம் சோறு வடித்தவள் தமிழ்செல்வி. வேளைக்கு நானூறு பேர் சாப்பிடுவார்கள். புதிதாக வந்த கான்ட்ராக்டர் தன் ஆட்களைக் கூட்டிவந்து அடுப்படியில் நிறுத்தியபோது பதினாறு பேருக்கு வேலை போனது. அவர்களில் அழாமல் வெளியே வந்தவள் இவள் ஒருத்திதான். மறுமாதமே சர்வீஸ் ரோட்டில் ஒரு ஷட்டர் கடையைப் பிடித்து 'செல்வி மெஸ்' என்று போர்டு மாட்டினாள். நாலு மேசை, காலையில் நாஷ்டா, மதியம் காரப்பொடி மீன்குழம்போடு சாப்பாடு. இரண்டு வருஷம் குறையில்லாமல் ஓடியது.

பிறகு மேம்பால வேலை தொடங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ரோட்டைக் கடந்து வருகிற வழியைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் நின்றுபோனார்கள். பத்து கிலோ அரிசி போட்டவள் மூன்று கிலோவுக்கு இறங்கினாள். அதிலும் மிஞ்சியது. கடைக்குச் சொந்தக்காரர் ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒரு நாள் வந்து நின்று, வெறும் மேசைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனி முடியட்டும்மா. அப்பவும் ஈ ஓட்டிக்கினு இருந்தா, டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ்காரன் கேட்டுக்கினே இருக்கான். நான் இன்னா பண்றது?"

புருஷன் பாக்கியராஜ் ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். இப்போதெல்லாம் மில்லுக்கு வருகிற லாரி டிரைவர்களும் வெளியூர்ப் பையன்களும் யாரிடமும் வழி கேட்பதில்லை, போனில் தேடித்தான் சாப்பிடப் போகிறார்கள் என்று அவன்தான் சொன்னான். அவள் போனை எடுத்து, பக்கத்தில் மெஸ் என்று தேடினாள். வரிசையாகக் கடைகள் வந்தன. கவரைப்பேட்டையில் இருக்கிற கடைகூட வந்தது. அவளுடையது வரவில்லை. தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு படத்தில் கை நின்றது. நீல டைல்ஸ் சுவர், அவளுடைய எவர்சில்வர் குண்டான், குழம்பு ஊற்றுகிற அவளுடைய கை. மேலே ஆங்கிலத்தில் இருந்த பெயர், 'செல்வி ஆன்ட்டி கானா'. கானா என்றால் இந்தியில் சாப்பாடு. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றரை.

அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டவன் பிஜய் ஒருத்தன்தான். இது அவன் செய்த வேலை என்று உடனே தெரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர், ஒரு வருஷம் அவளிடம் சாப்பிட்டவன், பிறகு சூரத்துக்குப் போய்விட்டான். போன் போட்டாள். அவன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். ஆன்ட்டிக்கு நல்லது செய்யலாம் என்று, வேலை செய்த இடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து மேப்பில் ஏற்றினானாம். அவன் உட்கார்ந்திருந்த இடத்தையே போன் கடையின் இடமாக எடுத்துக்கொண்டிருந்தது. அது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு இரும்புக் கம்பெனியின் இரண்டாம் கேட். மாற்றலாம் என்றால் அந்தப் போனே தொலைந்துவிட்டது, பாஸ்வேர்டும் ஞாபகமில்லை. அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

கேட்டுக்குப் போனாள். காவலுக்கு இருந்த அருணாச்சலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்த ஆன்ட்டி? தெனம் ஏழு பேரு, எட்டு பேரு வந்துகினே இருக்காங்கம்மா. இங்க ஓட்டலே கெடையாது, போங்கன்னு சொல்லிச் சொல்லி பேஜாராப் பூடுச்சி."

"எத்தினி நாளா, அண்ணே?"

"தையிலேர்ந்து."

அவள் அங்கேயே ரோட்டோரக் கல்வெர்ட்டுச் சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தையிலிருந்து தினம் எட்டுப் பேர் பசியோடு அவளைத் தேடி வந்திருக்கிறார்கள். இவள் அங்கே சோற்றை மாட்டுக்குக் கொட்டியிருக்கிறாள். வந்து ஏமாந்தவர்கள்தான் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'ஓட்டலே இல்லை, பொய்' என்று எழுதியவர்கள். அவள் கைச்சோற்றில் ஒரு பருக்கை தின்னாதவர்கள்.

கடை தன்னுடையது என்று நிரூபித்தால் இடத்தை மாற்றலாம் என்றது போன். அதற்கு வீடியோ அனுப்ப வேண்டும். தெருவைக் காட்டி, போர்டைக் காட்டி, சாவி போட்டு ஷட்டரைத் தூக்கி, உள்ளே அடுப்பு வரைக்கும் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். எடுத்து அனுப்பினாள். ஐந்து நாள் கழித்து, ஏற்கவில்லை என்று வந்தது. ஏன் என்று இல்லை. லைசென்ஸையும் கரண்ட் பில்லையும் காட்டி மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே பதில். கேட்கலாம் என்றால் ஆள் கிடையாது. வங்கியென்றால் கவுன்ட்டர் முன்னால் நின்று அழலாம், இங்கே எங்கே போய் நிற்பது என்று பாக்கியராஜிடம் புலம்பினாள்.

நிற்கிற இடம் ஒன்று இருந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சமையலை முடித்து, பரிமாறுவதைப் பாக்கியராஜிடம் விட்டுவிட்டு, குடையோடு இரண்டாம் கேட்டில் போய் நின்றாள். போனைப் பார்த்துக்கொண்டே வந்து வண்டியை நிறுத்துகிறவர்களிடம் ஓடினாள். கடை இங்கே இல்லை, நான்தான் செல்வி, என் பின்னாலேயே வாங்க என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தன் பயந்து வண்டியைத் திருப்பினான். பெரும்பாலும் வெயிலில் இரண்டு கிலோமீட்டர் திரும்பிப் போக யாருக்கும் பொறுமையில்லை. முதல் நாள் மூன்று பேரைக் கூட்டிவந்தாள், அடுத்த நாள் ஒருவரை. ஆறாம் நாள் கம்பெனி அதிகாரி காரை நிறுத்தி, கேட் முன்னால் வியாபாரம் கூடாது என்று அருணாச்சலத்தைக் கடிந்துகொண்டார். அருணாச்சலத்தின் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதென்று இவளே குடையை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆனி முடியப் பத்து நாள் இருந்தது. அன்று மதியம் ஒரு சோற்றுப் பார்சல்கூடப் போகவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தவள், நிராகரிக்கப்பட்ட இரண்டு வீடியோக்களையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். போர்டில் 'செல்வி மெஸ்'. போனில் 'செல்வி ஆன்ட்டி கானா'. இரண்டும் ஒரே கடை என்று எங்கேயோ இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? போனில் பெயரை மாற்ற விடமாட்டேன் என்கிறான். சரி, போர்டை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

பெயின்டரைக் கூப்பிட்டுப் பழைய எழுத்தை அழித்து, பிஜய் வைத்த பெயரையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதவைத்தாள். ஷிப்ட் முடிந்து வந்த பாக்கியராஜ் சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்தான்.

"ஒம் பேர்ல வெச்ச கடை. நீயே அழிச்சிக்கினியே."

"செல்வின்னு இருக்குதில்ல. அது போதும். நாளைக்கு அடுப்பு எரியணும்."

அன்றைக்கே மூன்றாவது வீடியோ போனது. ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. இரண்டாம் கேட்டில் இருந்த சிவப்புப் புள்ளியை அவளே விரலால் இழுத்துச் சர்வீஸ் ரோட்டில் வைத்தாள். தகரத்தைச் சுற்றி வருகிற வழியைப் படம் எடுத்துப் போட்டாள். பழைய ஏச்சுகளை மட்டும் அழிக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே, தப்பு நடந்துவிட்டது, கடை இப்போது இங்கே இருக்கிறது, ஒரு தடவை வாருங்கள் என்று எழுதினாள்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் நெல்லூர் லாரி ஒன்று வந்தது. மூன்றாம் நாள், ஆனியின் கடைசி நாள், ஹாஸ்டல் பையன்கள் ஐந்து பேர் போனை முன்னால் நீட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஆதிநாராயணன் வந்தார். அவர் எதற்கு வந்தார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனவர், புது போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"ஐப்பசி வரைக்கும் பாரு. அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர் வண்டி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே ஒரு பையன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டுக்கொண்டிருந்தான்.