கடைசி வயல்காரியின் கை

எங்கள் குளத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போவதற்குக் குளக்கட்டின் ஓர் அந்தத்தில் தாழ்வாகக் கல்லணை இருக்கிறது. அதை வான் என்போம். தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட அந்த வானில் யாராவது கைவைப்பதென்றால், முதல் கை கடைசி வயல்காரருடையதாக இருக்கவேண்டும். வழிந்த தண்ணீர் கடைசியாகப் போய் விழும் பள்ளத்தில் யாருடைய வரம்பு கிடக்கிறதோ அவர். அவர் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். யார் வைத்த வழக்கம் என்று தெரியாது. இடம்பெயர்ந்து, திரும்பி, பற்றை மூடிய வயல்களில் தடியால் குத்திக் குத்தி வரம்பு தேடிய நாட்களிலும் இது மட்டும் தொலையாமல் எங்களோடு வந்துவிட்டது. உடையார்கட்டிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையின் முடிவில் இருக்கிற சின்னக் குளம். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அந்தச் சட்டம் நடந்ததை ஒரேயொரு முறைதான் கண்டேன், போன மாரியில். கடைசி வயல் என் அக்காவுடையது.

அந்த மாரி தொடங்க முன்னரே நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பிழை செய்திருந்தோம். கோடையில் வரும் சிறுபோகத்தில் யார் எவ்வளவு விதைக்கலாம் என்பதைக் குளத்தில் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் சொல்லும். ஓர் அங்குலம் கூடினால் ஆளுக்கொரு துண்டு வயல் கூடும். அதனால் ஐப்பசியில், உரப்பைகளில் மண் நிரப்பி, வானின் தலையில் வரிசையாக அடுக்கினோம். அரையடி உயரம். பைகளின் வாயை அக்கா கோணூசியால் தைத்தாள். அவள் தைத்தால் ஒரு குருணி மண்ணும் சிந்தாது.

"பிள்ளையார் தந்த அரையடி," என்றேன்.

பக்கத்து வயல் நானா சிரித்தார். புத்தளத்தில் பல வருடம் அகதியாக இருந்துவிட்டு வாப்பாவின் காணிக்குத் திரும்பியவர். தேத்தண்ணிப் போத்தலும் கிளாசும் இல்லாமல் வயலுக்கு இறங்கமாட்டார். "பிள்ளையாரை ஏன் தம்பி இழுக்கிறீர்? உங்கட அக்கான்ர கோணூசியெல்லோ தந்தது."

"நானா, கதையை விட்டிட்டு மண்ணை அள்ளுங்கோ. உங்கட பையெல்லாம் அரைவயிறாய்க் கிடக்கு," என்றாள் அக்கா.

கார்த்திகைக் கடைசியில் வானம் எங்களைக் கண்டுபிடித்தது. மூன்று நாள், மழைக்கும் மழைக்கும் நடுவில் ஒரு மூச்சுவிடும் இடம்கூட இருக்கவில்லை. நாலாம் நாள் காலை கொஞ்சம் வெளித்தது. உடனே சனம் வந்துவிட்டது. வான் பாய்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரு திருவிழா. மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக, நான்கு பேராக, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வலையோடு, போனைப் பிடித்தபடி வந்தார்கள். பைகளுக்கு மேலாலும் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல் வளைந்து விழுந்துகொண்டிருந்தது.

நான் கட்டின் மேல் ஏறி நின்றேன். நின்றவன் அசையவில்லை. இடப்பக்கத்தில் தண்ணீர், என் பாதத்துக்கு ஒரு முழம் கீழே. அக்கரை என்று ஒன்று இல்லை. பாலை மரங்கள் கழுத்தளவில் நின்றன. வலப்பக்கத்தில், மூன்று ஆள் பள்ளத்தில், வீட்டுக் கூரைகள், ஒரு கொடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை, ஒரு குசினிப் புகை. நடுவில் கூடையால் சுமந்து கொட்டிய மண். அவ்வளவுதான். இத்தனை பெரிய ஒன்று இத்தனை சத்தமில்லாமல் நிற்குமா? வான் பக்கம்தான் இரைச்சல். கட்டோரம் தண்ணீர் ஒரு மாடு தூங்குவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது. என் உள்ளங்காலுக்குள் அதன் பாரம் வந்து நின்றது. பயம் என்று சொன்னால் சின்னச் சொல். கும்பிட வேண்டும்போல் இருந்தது.

நானா கீழே, கட்டின் அடியில் குந்தியிருந்தார். புல்லுக்குள் ஓர் ஊற்று பெருவிரல் பருமனில் வந்துகொண்டிருந்தது. மாரியில் அப்படிக் கசிவது வழமை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கிளாசைக் கழுவி, ஊற்றில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். தெளிவு. தெளிந்து வந்தால் வெறும் தண்ணீர். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பப் பிடித்தார். இந்த முறை என்னைக் கூப்பிட்டார்.

"பாரும். கட்டின்ர மண் வருது, தம்பி."

வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசு ஏற்கெனவே முழுதாகத் திறந்து கிடந்தது. நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போன் எடுத்தோம். கந்தோர்ப் பக்கத்துப் பெரிய பாதை மூழ்கியதால் அவர்களுக்கு வர வழியில்லை. "பையளை உடன எடுங்கோ, ஒரு ஓரத்தில இருந்து மெல்ல மெல்ல," என்ற பதில் மட்டும் வந்தது. வானடியில் இருபது ஆண்கள் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று படம் எடுக்க வந்த ஒருவர் கத்தினார்.

"முதல் கை வரவேணும்," என்றார் நானா. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா வயலில் நின்றாள். முழங்கால் தண்ணீரில் வரம்பை வெட்டி வடியவிட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருடம் மழையில்லை, அடுத்த வருடம் பூச்சி. இரண்டு போகம் தவறிப் பிடித்த பயிர் அது. இரண்டு ஏக்கரும் குடலைப் பருவம், கதிர் இன்னும் தண்டுக்குள்.

"அக்கா, வானடிக்கு வரட்டாம்."

மண்வெட்டி நின்றது. "கலங்கிட்டுதோ?"

"ஓம். கிளாசுக்கு அங்கால நானான்ர விரல் தெரியேல்லை."

அவள் பயிரைப் பார்த்தாள். "வயித்துப்பிள்ளைக்காரி மாதிரி நிக்குதடா."

"நீ வரவேண்டாம். அக்கான்ர கையெண்டு சொல்லி நான் எடுக்கட்டோ?"

"உன்ர வயல் மேட்டில கிடக்கு," என்றாள். "உன்ர கைக்கு என்ன மதிப்பு? மோட்டச்சைக்கிளை எடு."

வானடியில் அக்காவின் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினோம். நானாவும் நானும் கயிற்றைப் பிடித்தோம். அக்காவின் வயலுக்கு அடுத்த மேல்வரம்பு நானாவுடையது. அங்கேயும் குடலைதான். அவரோ, "மெல்ல, தங்கச்சி, காலை அகட்டி வையுங்கோ," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓரத்துப் பையை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அசையவில்லை. தான் தைத்த தையலுக்குள் விரலைக் கொழுவி இழுத்தாள். மூன்றாம் இழுவையில் அது புரண்டது. அவள் கையிலிருந்து தண்ணீர் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்த ஒரு பையின் இடைவெளிக்குள் குளம் தலை குனிந்து நுழைந்தது. நிறம் மாறியது, குரல் மாறியது. வலை வைத்திருந்தவர்கள் தாங்களாகவே பின்னால் போனார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் வயல் இருந்த திசையைப் பார்க்கவில்லை. அடுத்த பைக்குக் கை நீட்டினாள். அதற்குப் பிறகுதான் ஆண்கள் இறங்கினார்கள்.

மத்தியானம் குளம் ஒரு சாண் இறங்கியது. பொழுதுபடுவதற்குள் ஊற்றும் தெளிந்தது. கட்டு நின்றது. கூரைகள், கொடி, குசினி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பள்ளத்தில் மட்டும் வயலே இல்லை. வானத்தின் ஒரு துண்டு அங்கே விழுந்து கிடந்தது. பயிரின் நுனிகூடத் தெரியவில்லை.

மூன்று நாள் அவள் அங்கே போகவில்லை. நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும் நானும் கூடப் போனேன். கீழ் ஏக்கரை மணல் மூடியிருந்தது, நெல் நின்ற இடம் ஆற்றங்கரை போலிருந்தது. மேல் ஏக்கரில் பயிர் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சேறு பூசிக் கிடந்தது. ஈரத் தலைமயிரை யாரோ வாரிவிட்டதுபோல. என் வாயில் வந்த ஆறுதல் சொற்கள் எல்லாம் மேட்டு வயல்காரனின் சொற்கள்.

அக்கா குனிந்து ஒரு தண்டை நிமிர்த்தினாள். நகத்தால் கீறிப் பிளந்தாள். உள்ளே கதிர் மண்ணிறத்தில் குழைந்திருந்தது.

"இது இல்லை."

ஓரடி தள்ளி இன்னொன்று. பிளந்தாள். வெள்ளையும் இளம்பச்சையுமாக, பட்டுநூல்போல், நனையாமல் ஒரு கதிர். இவ்வளவு தண்ணீருக்குள், இவ்வளவு இருட்டுக்குள், அந்தச் சின்ன உறைக்குள் அது தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது இருக்கு," என்றாள். பிறகு சேற்றுக்குள் காலை இழுத்து வைத்து அடுத்த தண்டுக்குப் போனாள்.